பாய்மரத்தின் மேல் பயின்ற சொற்கள்



கடலைப் பாடிய கவிஞர் பலர். பாய்மரக் கப்பலைப் பாடியவரும் பலர். பிறவியைக் கடலாக்கி, உடலை ஓடமாக்கி, மனத்தைச் சுக்கானாக்கிப் பாடும் மரபு தமிழுக்குப் பழையது. அப்பாடல்களில் காற்று வீசும், பாய் விரியும், கலம் கரை சேரும். ஆனால் பாய் தானாக விரிவதில்லை. புயல் எழும்போது தானாகச் சுருண்டுகொள்வதும் இல்லை. நள்ளிரவில், கொட்டும் மழையில், ஆடும் மரத்தின் மேல் ஏறி அதைச் சுருட்டிக் கட்டிய மனிதர்கள் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய, அமெரிக்கக் கப்பல்களில் அவ்வேலையைச் செய்தவர்களையும், அங்கே அவர்கள் கையாண்ட சொற்களையும், அச்சொற்களை இலக்கியத்துக்குள் இறக்கிவைத்த ஒரு சிலரையும் பற்றியது இவ்வுரை.

முதலில் கப்பலைச் சற்றே பார்க்க வேண்டும். 1869-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சீனத்துத் தேயிலையை இங்கிலாந்துக்குச் சுமந்த ‘கட்டி சார்க்’ என்னும் கப்பல் இன்றும் லண்டனின் கிரீனிச்சில் நிற்கிறது. அதன் நடுப் பாய்மரத்தின் உயரம் 150 அடிக்கு மேல். பாய்களின் மொத்தப் பரப்பு 32,000 சதுர அடி. அவற்றை ஆட்டுவிக்கும் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்தால் 11 மைல் நீளும். இவ்வளவையும் ஆண்டவர்கள் ஏறத்தாழ 30 பேர். அவர்களிலும் பாதிப்பேர் ஒரு முறைக்கு விழித்திருக்க, மறுபாதியினர் உறங்கினர். எண்கள் இத்துடன் போதும்.

பாய்மரத்தின் குறுக்கே கிடக்கும் நீண்ட மரத்தைத் தமிழ்க் கடலோரத்தார் பருமல் என்பர். பாய் அதில்தான் தொங்குகிறது. பாயைச் சுருட்ட வேண்டுமானால் பருமலுக்குப் போக வேண்டும். பருமலுக்குப் போக, பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடித்து நிற்கும் பருத்த வடங்களின் மேல் ஏற வேண்டும். அவ்வடங்களுக்கு இடையே மெல்லிய கயிறுகள் படிகளாகக் கட்டப்பட்டிருக்கும். புதிதாக வந்த சிறுவனுக்குச் சொல்லித்தரப்படும் முதற்பாடம் இதுதான்: கால் படிக்கயிற்றில் இருக்கட்டும், கை வடத்தில் இருக்கட்டும். படிக்கயிறு மெல்லியது, வெயிலிலும் உப்பிலும் இற்றுப்போய் அறுந்துவிடக் கூடும். காலடியில் ஒன்று அறுந்தாலும் கை வடத்தைப் பற்றியிருந்தால் உயிர் தங்கும். இரண்டாம் பாடம், காற்று வரும் பக்கமாகவே ஏறுவது. அப்போது காற்று ஆளை வடங்களோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கமாக ஏறினால் அதே காற்று ஆளைப் பிய்த்துக் கடலில் எறியும்.

மரத்தின் பாதி உயரத்துக்குச் சற்று முன்னே பரண் போன்ற ஒரு மேடை உண்டு. அதன் விளிம்பு மரத்தை விட்டு வெளியே நீண்டிருப்பதால், கீழிருந்து விளிம்புக்குச் செல்லும் வடங்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தே செல்லும். அந்த நாலைந்து அடி தூரத்தை, முதுகு கடலைப் பார்க்க, உடல் பின்னோக்கித் தொங்க, கைவலியாலேயே கடக்க வேண்டும். மரத்தை ஒட்டி மேடையில் ஒரு துளையும் உண்டு. அதன் வழியே நுழைந்தால் இந்தத் தொங்கல் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மாலுமிகள் வைத்திருந்த பெயர், கடலறியாத மந்தனின் துளை என்று பொருள்படும் வசைப்பெயர். அப்பெயருக்கு அஞ்சியே சிறுவர்கள் வெளிவிளிம்பைப் பற்றி ஏறினார்கள். ஒரு சொல் மனிதனைச் சாவின் பக்கமாக ஏறவைத்த கதை இது. இந்த விளிம்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; உரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

பருமலை அடைந்த பின் நிற்பதற்குத் தளம் ஏதும் இல்லை. பருமலின் அடியில் தொய்வாகக் கட்டிய ஒரு கயிறு. அதன் மேல் பாதங்கள். அந்த ஒரே கயிற்றில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவன் காலை ஊன்றினால் அடுத்தவன் எழும்புவான். ஒருவன் நகர்ந்தால் எல்லோரும் ஆடுவார்கள். வயிற்றைப் பருமலில் அழுத்தி, உடலை முன்னால் வளைத்து, கீழே காற்றில் புடைத்து நிற்கும் பாயை இரு கைகளாலும் அள்ளி இழுத்து, மார்பின் அடியில் மடித்து வைத்துக்கொண்டு மேலும் அள்ள வேண்டும். ‘ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு’ என்று மாலுமிகளிடையே ஒரு பழமொழி வழங்கியது. கேட்க இனிமையான மொழிதான். ஆனால் நனைந்து விறைத்த பாயை ஒரு கையால் சுருட்டியவர் எவரும் இல்லை. இரண்டு கையும் கப்பலுக்கே போயின. தனக்கென்று எஞ்சியது வயிறும் கால்விரல்களுமே.

இதை உள்ளிருந்து எழுதியவர்களுள் முதலில் வைக்கத்தக்கவர் ரிச்சர்ட் ஹென்றி டானா. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். அம்மை நோயால் கண்பார்வை குன்றியதால் படிப்பை நிறுத்திவிட்டு, 1834 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து ‘பில்கிரிம்’ என்ற சிறு கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக் கலிபோர்னியாவுக்குச் சென்று, தோல் ஏற்றும் வேலை செய்து, 1836 செப்டம்பரில் ‘அலர்ட்’ என்ற வேறொரு கப்பலில் திரும்பினார். ‘பாய்மரத்தின் முன்னே ஈராண்டு’ என்று பொருள்படும் அவரது நூல் 1840-இல் வெளிவந்தது. அதுவரை வந்த கடல் நூல்கள் பலவும் அதிகாரிகளும் பயணிகளும் எழுதியவை. கையுறை அணிந்த கனவான்கள் கண்ட கடல் அது என்பது அவர் முன்னுரையின் குறிப்பு.

கையுறை என்ற அச்சொல்லை அவர் அணிக்காக எழுதவில்லை என்பது நூலின் பிற்பகுதியைப் படிக்கும்போது விளங்கும். 1836-இன் நடுப்பகுதியில், தென்கோளத்தின் கடுங்குளிர் காலத்தில், அலர்ட் கப்பல் பனிமலைகளுக்கு இடையே ஹார்ன் முனையைக் கடந்தது. கயிறுகளின் மேல் பனி உறைந்திருந்தது. பாய் தகடுபோல் விறைத்திருந்தது. மேலே ஏறுபவர் எவரும் கையுறை அணிய முடியவில்லை. நனைந்து விறைத்த கையுறை கயிற்றைப் பற்றாமல் வழுக்கிவிடும். ஆகவே வெறுங்கையாலேயே வேலை செய்தார்கள். ஆலங்கட்டி கைகளிலும் முகத்திலும் கீறியது. முன்னுரையில் உவமைபோல் தோன்றிய கையுறை இங்கே வெறும் கையுறையாகவே வருகிறது. அதனால்தான் முன்னுரையில் அதற்கு அத்தனை வலிமை.

சொற்களுக்கு வருவோர்க்கு இனிமேல்தான் வியப்பு. கயிறுகளால் ஆன அக்கப்பலில் ‘கயிறு’ என்ற பொதுச்சொல் அரிதாகவே ஒலித்தது. பருமலை ஏற்றும் கயிற்றுக்கு ஒரு பெயர். அதைக் காற்றுக்கேற்பத் திருப்பும் கயிற்றுக்கு ஒரு பெயர். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பதற்கு ஒன்று. அதே முனையை மேலே சுருக்குவதற்கு வேறொன்று. எந்தப் பாய்மரம், எத்தனையாவது பாய், இடப்புறமா வலப்புறமா என்பதும் பெயரோடு சேரும். இவையெல்லாம் கப்பலின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் முளைகளில் கட்டப்பட்டிருக்கும். அந்த வரிசை கப்பலுக்குக் கப்பல் பெரிதும் ஒத்திருந்தது. புதிய கப்பலில் ஏறியவன் முதலிரவிலேயே, இருளில், கையால் தடவி உரிய கயிற்றைக் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ளாவிட்டால்? மேலே பருமலின் மீது ஆட்கள் கவிழ்ந்து கிடக்கும்போது, கீழே நிற்பவன் சுருக்கும் கயிறு என்று எண்ணி ஏற்றும் கயிற்றை அவிழ்த்துவிட்டால், பருமல் ஆட்களோடு சரிந்து இறங்கும். திருப்பும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் பருமல் சுழன்று ஆட்களை உதறும். அங்கே சொற்குற்றம் என்பது இலக்கணக் குற்றம் அன்று, கொலை.

தமிழ்க் கடலோரமும் இதை அறியாததன்று. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்ப்புறத்தை இறுக்கும் கயிறு தாமான். அகராதிகள் இச்சொற்களைக் காத்து வைத்திருக்கின்றன. கவிதைகள்தாம் அவற்றைத் தேடவில்லை. பழைய புலவருக்கு இந்தக் குறை இல்லை என்று தோன்றுகிறது. புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூம்பும் பாயும் களையாமலே புகாருக்குள் புகும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். வெறுமனே பாய் என்னாமல் மீப்பாய் என்கிறார். மேலே உள்ள பாய் எது, அதைக் களைவது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரிந்தவர்க்கே, களையாமல் புகுந்தது துறையின் ஆழத்துக்குச் சான்று என்பதும் தெரியும்.

இதே வகையில் குறிப்பிடத்தக்க வேறொரு நூலும் உண்டு. 1811-இல் கல்கத்தாவில் ஒரு கப்பல் அகராதி அச்சாயிற்று. தொகுத்தவர் சென்னைப் படையைச் சேர்ந்த தாமஸ் ரோபக் என்ற அதிகாரி. ஆங்கிலக் கப்பற்சொற்களுக்கும் கட்டளைகளுக்கும் நேராக, இந்தியக் கப்பலாட்களான லஸ்கர்கள் வழங்கிய இந்துஸ்தானிச் சொற்களை அது தந்தது. போர்த்துக்கீசியமும் அரபியும் பாரசீகமும் கலந்த அந்த மொழி எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாதது. ஆயினும் அதிகாரி அதைக் கற்றுத்தான் ஆகவேண்டியிருந்தது. மேலே நிற்பவனுக்குப் புரியாத மொழியில் கட்டளை இடுவதால் பயன் இல்லை அல்லவா?

சொல்லின் செம்மையை இவர்கள் எல்லோரினும் அழுத்தமாகப் பேசியவர் ஜோசப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதுக்குப் பின்னரே ஆங்கிலம் கற்று, அம்மொழியின் பெரும் நாவலாசிரியர்களுள் ஒருவரானவர். சென்னைக்கும் அவருக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1884 ஏப்ரலில் ‘ரிவர்ஸ்டேல்’ என்ற கப்பலில் துணை அதிகாரியாகச் சென்னை வந்தவர், கப்பல் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் இங்கேயே இறங்கிக்கொண்டார். ரயிலேறி பம்பாய் சென்று ‘நார்சிஸஸ்’ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பயணமே 1897-இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற கடல் நாவலுக்கு வித்து. சென்னையில் அந்தப் பிணக்கு நேராதிருந்தால் அந்த நாவல் இல்லை.

1906-இல் வெளிவந்த ‘கடலின் கண்ணாடி’ என்னும் கட்டுரை நூலில் கான்ராட் செய்தித்தாள்காரர்களோடு ஒரு சண்டை போடுகிறார். கப்பல் நங்கூரத்தை ‘எறிந்தது’ என்று அவர்கள் எழுதுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. நங்கூரம் எறியப்படுவதே இல்லை; கப்பலின் பக்கத்தில் ஆயத்தமாகத் தொங்கும் அதன் பிடி விடுவிக்கப்படுகிறது, அவ்வளவே. தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்துச் செப்பமாக்கிய சொல்லை நிலத்தில் இருப்பவர் கெடுப்பதை அவர் குற்றம் என்றே சொல்கிறார். தமிழ்க் கதைகளில் நங்கூரத்தை வீசி எறிவோர் கான்ராடின் கண்ணில் படாதது அவர்கள் நல்லூழ்.

மாலுமிகள் என்றதும் பாட்டு நினைவுக்கு வரும். வணிகக் கப்பல்களில் வேலைப்பாட்டு உண்டு. பருமலை ஏற்றும்போது ஒருவகை, நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றும்போது வேறுவகை. ஒருவன் அடியெடுக்க மற்றவர்கள் ஈற்றடியில் சேர்ந்து இழுப்பார்கள். ஏற்றப்பாட்டு கேட்ட செவிக்கு இது புதிதன்று. ஆங்கிலப் போர்க்கப்பல்களில் பாட்டுக்கு இடமில்லை. ஆனால் பாடியதெல்லாம் தளத்தில் நின்றுதான். மேலே பாட்டு இல்லை. இருந்த விதிவிலக்கு மிகச் சிறியது. பெரிய கீழ்ப்பாயைச் சுருட்டும்போது, நடுவில் திரண்ட கனத்த மடிப்பைப் பருமலின் மேல் தூக்கிப்போட, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காக ‘பேடி டாயில்’ என்றொரு சிறு பாட்டு இருந்தது. 1929-இல் விபத்துக்குள்ளான ‘கார்த்பூல்’ கப்பலில் பணியாற்றிய ஸ்டான் ஹியூகில் 1961-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இத்தகைய பாட்டுகள் பலவற்றை அவற்றின் வேலையோடு சேர்த்துப் பதிந்திருக்கிறார். மூச்சு மிச்சமிருந்த இடத்தில்தான் பாட்டு இருந்தது.

ஹெர்மன் மெல்வில் கவிஞர்களுக்கு நேரடியாகவே ஓர் எச்சரிக்கை விடுத்திருக்கிறார். 1841-இல் திமிங்கிலக் கப்பலில் ஏறிய அனுபவம் அவருடையது. 1851-இல் வெளிவந்த ‘மோபி டிக்’ நாவலில் பாய்மர உச்சிக் காவலைப் பற்றி ஓர் இயல் உண்டு. நூறடி உயரத்தில், இரண்டு மெல்லிய கட்டைகளின் மேல் நின்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராகத் திமிங்கிலம் தேட வேண்டும். தத்துவம் படித்த கனவுக்கார இளைஞரை அங்கே ஏற்றாதீர்கள் என்று கப்பல் முதலாளிகளுக்கு அவர் அறிவுறுத்துகிறார். அவர்கள் திமிங்கிலத்தைப் பார்ப்பதில்லை. அலையின் தாலாட்டில் தம்மை மறந்து, கடலே தம் ஆன்மா என்று மயங்கியிருக்கும் வேளையில் கால் ஓர் அங்குலம் நழுவினால், ‘தான்’ என்ற நினைவு பேரச்சத்தோடு திரும்பிவரும். அதற்குள் பாதி தூரம் விழுந்திருப்பார்கள். நகைச்சுவையாகத் தொடங்கும் அந்த இயல் நடுக்கத்தில் முடிகிறது.

அவரே அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய ‘வெள்ளைச் சட்டை’ நாவலில் கதைசொல்லி பருமலிலிருந்து கடலில் விழுகிறான். படித்தவர்கள் அதைப் பல்லாண்டு மெல்விலின் சொந்த அனுபவம் என்றே நம்பினர். பிற்கால ஆய்வாளர் அவர் பணியாற்றிய போர்க்கப்பலின் பதிவேட்டைப் பார்த்தனர். அப்படி ஒரு நிகழ்ச்சி அதில் இல்லை. நதானியேல் ஏம்ஸ் என்ற மாலுமி 1830-இல் வெளியிட்ட நூலிலிருந்து அவ்வீழ்ச்சியை எடுத்து விரித்திருக்கிறார் என்பது தெரியவந்தது. இதைத் திருட்டு என்பாரும் உளர். அந்தத் தீர்ப்பு அவசரமானது. வீழ்ச்சி இரவலாக இருக்கலாம், பருமல் மெல்விலுடையது. அதன் மேல் நின்ற பாதங்களும் அவருடையவையே.

இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக 1930 முதல் 1967 வரை விளங்கிய ஜான் மேஸ்ஃபீல்டும் பாய்மரம் ஏறியவர். 13 வயதில் பயிற்சிக் கப்பலில் சேர்ந்து, 1894-இல் ‘கில்குரூய்’ என்ற கப்பலில் ஹார்ன் முனையைச் சுற்றி, சிலி நாட்டை அடைந்ததும் நோயுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1913-இல் நூலாக வந்த ‘டாபர்’ என்ற நெடுங்கவிதை, ஓவியனாக விரும்பிக் கப்பலில் சேர்ந்த இளைஞனின் கதை. கப்பல்களையும் மாலுமிகளையும் அவற்றை அறிந்த ஒருவன் தீட்ட வேண்டும் என்பது அவன் வேட்கை. உடன் இருப்போர் அவனைக் கிண்டல் செய்கிறார்கள், படங்களைப் பாழாக்குகிறார்கள். ஹார்ன் முனையின் புயலில் அவன் முதன்முதலாக அச்சத்தோடு மேலே ஏறுகிறான், வேலையைச் செய்து முடிக்கிறான், மதிப்பைப் பெறுகிறான். பின்னொரு நாள் பருமலிலிருந்து விழுந்து இறக்கிறான். படம் தீட்டப்படவே இல்லை.

அக்கவிதை நூலின் இறுதியில் மேஸ்ஃபீல்டு கப்பற்சொற்களுக்கு விளக்கம் எழுதிச் சேர்த்தார். 1902-இல் வந்த அவரது முதற்கவிதைத் தொகுதியிலும் சொல்லடைவு உண்டு. கவிதைக்கு அடிக்குறிப்பு இழுக்கு என்று கருதுவோர்க்கு இது உவப்பாயிராது. ஆனால் மாற்று வழி என்ன? எல்லாருக்கும் தெரிந்த ‘கயிறு’ என்ற ஒரே சொல்லால் அத்தனையையும் எழுதுவது. அதை அவர் மறுத்தார். படிப்பவர் பக்கம் புரட்டும் சிறு தொல்லையை விட, உரிய கயிறு உரிய பெயரோடு இருப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது.

இந்தத் தொழிலின் முடிவு விரைவாகச் சொல்லத்தக்கது. நீராவி வந்தது, 1914-இல் பனாமா கால்வாய் திறந்தது, ஹார்ன் முனைப் பாதை வெறிச்சோடியது. ஆஸ்திரேலியக் கோதுமையை ஏற்றிவந்த ‘மொஷுலு’ கப்பலில் 1938-இல் சேர்ந்த எரிக் நியூபி என்ற இளைஞர், முதல் நாளே பாய்மர உச்சிக்கு அனுப்பப்பட்டதை 1956-இல் ஒரு நூலில் எழுதினார். 1949-இல் ‘பமீர்’ சரக்கோடு ஹார்ன் முனையைச் சுற்றியதோடு அந்த வரலாறு முடிந்தது. அதே பமீர் 1957-இல் அட்லாண்டிக் புயலில் மூழ்கியபோது 86 பேரில் 6 பேரே பிழைத்தனர். 1997-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘தரங்கிணி’ போன்ற பயிற்சிக் கப்பல்கள் பின்னும் வந்தன. ஆனால் அவற்றில் மேலே ஏறுபவர் இடுப்பில் பாதுகாப்புக் கச்சை உண்டு.

கச்சை இல்லாத காலத்தின் ஒரு காலை வேளை டானாவின் நூலில் இருக்கிறது. 1834 நவம்பர், பில்கிரிம் ஹார்ன் முனையைக் கடந்து பசிபிக் கடலில் வடக்கே சென்றுகொண்டிருந்தது. காலை ஏழு மணியளவில், ஆள் கடலில் விழுந்தான் என்ற கூக்குரல் கேட்டு எல்லோரும் தளத்துக்கு ஓடினார்கள். விழுந்தவர் ஜார்ஜ் பால்மர் என்ற ஆங்கிலேய இளைஞர். நடுப் பாய்மரத்தின் மேற்பகுதியில் ஒரு கயிற்று வளையத்தைப் பொருத்தச் சென்றவர். வளையம், கப்பி, ஒரு சுருள் கயிறு, கயிற்றுப் புரிகளைப் பிரிக்கும் இரும்பு முள் ஆகிய அனைத்தும் அவர் கழுத்தில் இருந்தன. பரணின் விளிம்புக்குக் கீழே, வெளிப்புறம் சாய்ந்து செல்லும் அந்த வடங்களிலிருந்து அவர் விழுந்தார். நீந்தத் தெரியாது, கனத்த உடை, கழுத்தில் இத்தனை சுமை. படகை இறக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தேடினார்கள். நம்பிக்கையால் அன்று, திரும்பிப்போக மனம் வராமையால் தேடினார்கள் என்பது டானாவின் குறிப்பிலிருந்து தெரிகிறது.

அன்று கப்பலில் பேச்சு அடங்கியது. வசைச்சொற்கள் நின்றன. பின்னர் வழக்கப்படி பால்மரின் துணிகள் ஏலத்துக்கு வந்தன. சில நாள் முன்வரை அவர் அணிந்திருந்த மேற்சட்டையையும் கால்சட்டையையும் கையில் தூக்கிக் காட்டி விலை கேட்டார்கள். இறந்தவனின் உடையை அதே பயணத்தில் உடுத்த மாலுமிகள் விரும்புவதில்லை. மாற்றுடைக்கு வழியே இல்லாதவன்தான் உடுத்துவான். அவருடைய பெட்டியைக் கப்பலின் பின்பகுதிக்குக் கொண்டுசென்று, பண்டங்கள் வைக்கும் பெட்டியாக்கிக் கொண்டார்கள்.